பித்தப்பைக்குப் பரவிய மெலனோமா: துளை போட்டு எடுத்தால் போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 62, விவசாயி. உள்ளங்காலில் இருந்த கறுப்பு மச்சத்தை, மெலனோமா (ஒருவகைத் தோல் புற்றுநோய்) என்று 2 வருடம் முன்பு எடுத்தார்கள். இப்போது ஸ்கேனில் பித்தப்பையில் 14 மி.மீ. கட்டி. அங்கே பரவியிருக்கும், லேப்ராஸ்கோப்பியில் (துளை போட்டு) எடுக்கலாம் என்கிறார்கள். வயிற்றைத் திறந்தால்தானே புற்றுநோய் முழுசாக வரும்?
- வாசகர், மன்னார்குடி

பதில்: எப்படிச் செய்தாலும் எடுப்பது முழுப் பித்தப்பையைத்தான். கட்டி சுவரோடு நின்றிருந்தால் லேப்ராஸ்கோப்பியே போதும். கல்லீரலுக்குள் இறங்கியிருந்தால் அங்கேயும் கொஞ்சம் சேர்த்து வெட்ட வேண்டும். அப்போது திறந்து செய்வதுதான் பெரும்பாலும் நல்லது.

அதற்கு முன், வேறெங்கும் பரவவில்லை என்று தெரிய வேண்டும். பெட் சி.டி. (குளுக்கோஸை அதிகம் இழுக்கும் இடங்களைக் காட்டும்) ஸ்கேனோடு மூளைக்கு எம்.ஆர்.ஐ.யும் தேவை, மூளை இயல்பாகவே குளுக்கோஸை இழுப்பதால் பெட் ஸ்கேனில் அங்குள்ள சின்னக் கட்டி தெரியாமல் போகும். பல இடங்களில் பரவியிருந்தால் பொதுவாக மருந்துதான் முதலில். வலி, அடைப்பு, ரத்தக்கசிவு இருந்தால் மட்டும் கத்தி. பித்தப்பையில் ஊசி குத்திச் சோதனைக்குச் சதைத்துணுக்கு (பயாப்ஸி) எடுப்பதைத் தவிர்ப்பார்கள். பித்தநீரோடு புற்றுநோய் செல்களும் கசியலாம்.

வழக்கமாக 4 துளை: தொப்புளில் 10 மி.மீ., நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒன்று, வலப்பக்கம் 5 மி.மீ. அளவில் இரண்டு. பித்தப்பைக்குள் போகும் குழாயும் ரத்தக்குழாயும் தனித்தனியாகத் தெரிந்த பிறகே கிளிப் போடுவார்கள். கல்லுக்கான ஆபரேஷனில் பித்தப்பை கிழிந்தால் கழுவிவிட்டுப் போகலாம், வீங்கியிருந்தால் ஊசியால் உறிஞ்சலாம். புற்றுநோய்க் கட்டியில் இரண்டும் ஆபத்து. சிந்திய செல் வயிற்றுக்குள்ளோ துளைத் தழும்பிலோ கட்டியாக முளைக்கலாம். அதனால் இடுக்கி கட்டியின் மேல் படக்கூடாது. பித்தப்பையைப் பைக்குள் போட்டு, தேவைப்பட்டால் துளையைப் பெரிதாக்கி, நசுக்காமல் வெளியே எடுக்க வேண்டும். "பையில் போட்டுத்தானே எடுப்பீர்கள்?" என்று சர்ஜனிடம் கேளுங்கள், தப்பில்லை.

மெலனோமாதானா என்று உறுதி செய்ய, கட்டியை எஸ்-100, ஹெச்.எம்.பி-45, மெலன்-ஏ சாயங்களில் பார்ப்பார்கள். எந்த மருந்து பொருந்தும் என்று அறிய பிராஃப், கிட் மரபணுப் பரிசோதனையும் கேளுங்கள். உள்ளங்கால் மெலனோமாவில் பிராஃப் மாற்றம் குறைவாகவே இருக்கும். காலில் எடுத்த கட்டியின் பாரஃபின் பிளாக்கை (மெழுகில் பதித்து வைத்த துண்டை)ப் பழைய லேபிலிருந்து வாங்கி வையுங்கள், ஒப்பிட உதவும். கத்தியோடு சிகிச்சை முடியாது. நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்து) பற்றிப் புற்றுநோய் மருத்துவர் முடிவு செய்வார்.

சிக்கலில்லை என்றால் ஓரிரு நாளில் வீடு. தோள்பட்டை வலித்தால் பயப்படாதீர்கள், வயிற்றை உப்ப வைத்த வாயுவின் வேலை அது. காய்ச்சல், கண் மஞ்சள், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அறுவடை நேரமானாலும் 4 முதல் 6 வாரம் நெல் மூட்டை தூக்க விடாதீர்கள்.