ஆகஸ்ட் கடைசியில் ஸ்டெப் 2 எழுதலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சென்னையில் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் சிஆர்ஆர்ஐ (எம்பிபிஎஸ் முடிவில் வரும் கட்டாய மருத்துவமனைப் பயிற்சி) செய்கிறேன். வரும் மார்ச்சில் முடியும். அமெரிக்காவில் மருத்துவராக எழுத வேண்டிய யுஎஸ்எம்எல்இ தேர்வில் ஸ்டெப் 1 பாஸ். அடுத்த கட்டமான ஸ்டெப் 2 சிகே-வுக்கு ஆகஸ்ட் 27-ஆம் தேதி வாங்கியிருக்கிறேன். கையில் எட்டு வாரம் இருக்கிறது. என்பிஎம்இ அமைப்பு நடத்தும் மாதிரித் தேர்வுகளில் 231, 236, கடைசியாக 238. இலக்கு 250. இந்த செப்டம்பரிலேயே இண்டர்னல் மெடிசின் ரெசிடென்சிக்கு (அமெரிக்க மருத்துவமனையில் பொது மருத்துவ மேற்பயிற்சி) விண்ணப்பிக்க ஆசை. தேதியைத் தள்ளிப்போடலாமா, அப்படியே எழுதிவிடவா?
– மருத்துவர், கொளத்தூர்

பதில்: தள்ளாதீர்கள். முடிந்தால் ஆகஸ்ட் இரண்டாம் வாரத்துக்கு முன்னால் இழுங்கள். அதுவும் முடியாவிட்டால், இந்த வருடம் வேண்டாம் என்று முடிவெடுக்கவும் தயாராக இருங்கள். செப்டம்பருக்குத் தள்ளுவதுதான் மூன்று வழிகளில் மோசமானது.

காரணம் எளிது. நீங்கள் பார்க்க வேண்டியது தேர்வு எழுதும் தேதியை அல்ல, மதிப்பெண் வரும் தேதியை. ஸ்டெப் 2 முடிவு பொதுவாக இரண்டிலிருந்து நான்கு வாரத்தில், ஒரு புதன்கிழமை வரும். ரெசிடென்சிக்கு இணையத்தில் விண்ணப்பிக்கும் எராஸில் வரும் விண்ணப்பங்களை ரெசிடென்சி புரோகிராம்கள் (பயிற்சி தரும் மருத்துவமனைகள்) திறந்து பார்க்கத் தொடங்குவது செப்டம்பர் கடைசி வாரம். 2024-இல் அது 25-ஆம் தேதி, 2025-இல் 24-ஆம் தேதி. ஆகஸ்ட் 27-உடன் நான்கு வாரத்தைக் கூட்டினால் செப்டம்பர் 24. ஒரே ஒரு வாரம் தாமதமானாலும் முதல் நாள் உங்கள் விண்ணப்பத்தில் மதிப்பெண் இருக்காது. தேர்வுமுறையில் மாற்றம் வரும் காலங்களில் முடிவு எட்டு வாரம் வரை இழுக்கலாம் என்று யுஎஸ்எம்எல்இ-யே அறிவிப்பதுண்டு. பதிவு செய்யும்போது அந்த அறிவிப்புப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மதிப்பெண் இல்லாவிட்டால் என்ன? 2022 ஜனவரி 26 முதல் ஸ்டெப் 1-க்கு பாஸ், ஃபெயில் மட்டும்தான். வெளிநாட்டில் படித்தவரை எடைபோட புரோகிராமிடம் இருக்கும் ஒரே எண் ஸ்டெப் 2-தான். ஆயிரக்கணக்கில் வரும் விண்ணப்பங்களை முதலில் ஃபில்டர் போட்டுத்தான் பார்ப்பார்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் உங்கள் பர்சனல் ஸ்டேட்மெண்டை யாரும் படிக்கப்போவதில்லை. இன்டர்வியூ அழைப்புகளில் பெரும்பகுதி அக்டோபரிலேயே போய்விடும்.

இனி உங்கள் எண்கள். பாஸ் மதிப்பெண் 2025 ஜூலை 1 முதல் 218. அது உங்களுக்குக் கவலையில்லை. கவலை வேறு இடத்தில்: பாஸான தேர்வை மதிப்பெண்ணை உயர்த்துவதற்காகத் திரும்ப எழுத முடியாது. 236 வந்தால் அந்த 236 உங்களோடேயே வரும். அமெரிக்க மருத்துவ மாணவர்களின் சராசரி 250-ஐ ஒட்டி இருக்கிறது; அவர்களோடு சேர்த்துத்தான் உங்களையும் வைத்துப் பார்ப்பார்கள்.

மாதிரித் தேர்வின் எண் ஏழெட்டுப் புள்ளி மேலே கீழே போகும். ஆகவே ஒரு தேர்வை வைத்து முடிவெடுக்காதீர்கள். இதுவரை தொடாத இரண்டு என்பிஎம்இ ஃபார்ம்களை (மாதிரித் தேர்வுத் தாள்களை) ஒரு வார இடைவெளியில் எழுதுங்கள். இரண்டாவது, தேர்வுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் முடிய வேண்டும். இரண்டும் 245-ஐத் தாண்டினால் போய் எழுதுங்கள். இரண்டும் 240-க்குக் கீழே நின்றால் ஜனவரி, பிப்ரவரிக்கு மாற்றி, அடுத்த செப்டம்பரில் விண்ணப்பியுங்கள். நடுவில் நின்றால்? எங்கள் கருத்து, எழுதக் கூடாது. படித்து முடித்து ஒரு வருடம் கழித்து விண்ணப்பிப்பதால் பெரிய நஷ்டமில்லை. புரோகிராம்கள் முகம் சுளிப்பது மூன்று, ஐந்து வருட இடைவெளிக்குத்தான்.

மாதிரித் தேர்வில் மதிப்பெண் பொய்யாக ஏறுவது எப்படி என்றும் பாருங்கள். யுவேர்ல்ட் கேள்வி வங்கியை இரண்டாம் முறை போடும்போது வரும் 80 சதவீதம் அறிவல்ல, ஞாபகம். டூட்டி ரூமில் இரண்டு பிளாக் (கேள்விப் பகுதி), வீட்டுக்கு வந்து இரண்டு பிளாக் என்று பிரித்து எழுதிய ஃபார்மும் கணக்கில் சேராது. உண்மைத் தேர்வு ஒரே நாளில் ஒன்பது மணி நேரம். முதல் பாதியில் நன்றாகப் போட்டுவிட்டு, மதியத்துக்குப் பிறகு கேள்வியின் கடைசி வரியைப் படிக்காமல் விடையைத் தட்டுகிறவர்கள்தான் அதிகம். காலை எட்டுக்கு உட்கார்ந்து, இடைவேளையையும் கடிகாரம் வைத்து எடுத்து, ஒருநாள் முழுசாக எழுதிப் பாருங்கள்.

கடைசி ஆறு வாரம் எந்த போஸ்டிங்கில் இருக்கிறீர்கள் என்பது நீங்கள் படிக்கும் புத்தகத்தைவிட முக்கியம். ஓஜி-யில் (மகப்பேறு பிரிவு) லேபர் வார்டு டூட்டி பார்த்துவிட்டு வந்து பயோஸ்டாட்ஸ் (மருத்துவப் புள்ளியியல்) படிக்க முடியாது. கம்யூனிட்டி மெடிசின் போஸ்டிங் 12 வாரம். ஆரம்ப சுகாதார நிலைய நாட்களில் மாலை கைக்கு வரும். சக சிஆர்ஆர்ஐ யாருடனாவது போஸ்டிங்கை மாற்றிக்கொள்ள முடியுமா என்று இப்போதே கேளுங்கள். அனுமதித்த லீவைத் தாண்டினால் சிஆர்ஆர்ஐ நீளும், டிகிரியும் தள்ளிப்போகும்.

தேதியை மாற்றும் முன் எலிஜிபிலிட்டி காலத்தையும் (தேர்வை எழுதி முடிக்க உங்களுக்குத் தந்த காலம்) பாருங்கள். மூன்று மாதம்தான், கட்டணம் கட்டி ஒரே ஒருமுறை நீட்டிக்கலாம். சென்னை புரோமெட்ரிக் தேர்வு மையத்தில் ஆகஸ்ட் இடங்கள் சீக்கிரம் நிரம்பும். பெங்களூரு, ஹைதராபாத்தையும் தேடுங்கள். அங்கே போவதென்றால் முந்தின நாளே போய்த் தங்குங்கள். ராத்திரி பஸ்ஸில் போய் இறங்கி நேரே தேர்வுக்குப் போகிற வேலை வேண்டாம். பயந்துபோய்ப் பாதியில் எழுந்து வந்தாலும் ஒரு முறை எழுதியதாகவே கணக்கு. ஒரு ஸ்டெப்புக்கு மொத்தம் நான்கு வாய்ப்புகள்தான்.

கேள்வி: என் மகள் மதிப்பெண் வருவதற்கு முன்பே எராஸில் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள். முடிவு வந்ததும் அது தானாகப் போய்ச் சேர்ந்துவிடும் என்கிறாள். அப்படியா?
– தந்தை, நங்கநல்லூர்

பதில்: சேராது, சார். முடிவு வந்ததும் மகள் எராஸுக்குள் போய் யுஎஸ்எம்எல்இ டிரான்ஸ்கிரிப்டை மறுபடி அனுப்ப வேண்டும். அதே சீசனில் அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான்: மதிப்பெண் அவர்கள் கணக்கில் இருக்கும், புரோகிராமிடம் இருக்காது. இன்னொன்று, டிரான்ஸ்கிரிப்டில் எல்லா முயற்சிகளும் வரும். ஃபெயிலை மறைத்து பாஸை மட்டும் அனுப்ப வழியில்லை.

கேள்வி: மார்க்‌ஷீட்டில் எஸ். கார்த்திகேயன். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து, கார்த்திகேயன் சுந்தரம். தேர்வுக்குப் பதிவு செய்யும்போது எந்தப் பெயரைக் கொடுப்பது?
– இறுதியாண்டு மாணவர், தாம்பரம்

பதில்: பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து. தேர்வு மையத்தில் ஷெட்யூலிங் பர்மிட்டையும் (தேர்வு அனுமதிச் சீட்டு) பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பர்மிட்டில் எஸ் என்றும் பாஸ்போர்ட்டில் சுந்தரம் என்றும் இருந்தால் உள்ளே விடமாட்டார்கள், கட்டிய பணமும் போகும். கையெழுத்து இல்லாத ஆதார் அட்டையைக் காட்டிச் சமாளிக்க முடியாது. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கிறவர்களும் உண்டு. கிவன் நேமிலேயே அப்பா பெயரும் சேர்ந்திருக்கும். அப்படியானால் பதிவுக்கு முன்பே சாலிகிராமத்திலோ அமைந்தகரையிலோ தாம்பரத்திலோ உள்ள பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் திருத்திக்கொள்ளுங்கள். கிண்டியில் எம்ஜிஆர் பல்கலைக்கழகம் தரும் டிகிரியில் பெயர் இனிஷியலோடுதான் வரப்போகிறது என்றால், இரண்டும் ஒருவரே என்று காட்டும் ஆவணத்தை, வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்குச் சான்றிதழ் தரும் அமெரிக்க அமைப்பான இசிஎஃப்எம்ஜி கேட்கும். அதை இப்போதே தயார் செய்து வையுங்கள்.

கேள்வி: யுஎஸ்எம்எல்இ-யின் கடைசிக் கட்டமான ஸ்டெப் 3-யும் முடித்துவிட்டு விண்ணப்பித்தால் வாய்ப்பு கூடுமா? இன்னும் சிஆர்ஆர்ஐ முடியவில்லை.
– வாசகி, அண்ணா நகர்

பதில்: இப்போது எழுதவே முடியாது. டிகிரி கைக்கு வந்து, இசிஎஃப்எம்ஜி சான்றிதழும் வந்த பிறகுதான் ஸ்டெப் 3. அதுவும் அமெரிக்காவுக்குப் போய் இரண்டு நாள் எழுத வேண்டும். ஹெச்-1பி விசா வேண்டும் என்றால் ஸ்டெப் 3 தேவை. ஜே-1 விசா போதும் என்றால் தேவையில்லை. ஆனால் ஜே-1-க்கு மத்திய சுகாதார அமைச்சகத்திடம் ஒரு கடிதம் வாங்க வேண்டியிருக்கும். உங்கள் நேரத்தை ஓஇடி-க்கு (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) கொடுங்கள். லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 350, ரைட்டிங்கில் 300, எல்லாம் ஒரே முறையில் வர வேண்டும். நம் பிள்ளைகள் பேச்சில் தேறிவிடுவார்கள். ரெஃபரல் லெட்டர் எழுதும்போது கேஸ் நோட்ஸில் உள்ள அத்தனையையும் கொட்டி, ரைட்டிங்கில் மாட்டிக்கொள்வார்கள். யாருக்கு எழுதுகிறோமோ அவருக்குத் தேவையானதை மட்டும் எழுதிப் பழகுங்கள். ஓஇடி மதிப்பெண்ணைக் கேட்கும் இசிஎஃப்எம்ஜி பாத்வேஸ் (சான்றிதழுக்கான வழி) விண்ணப்பத்தின் கடைசித் தேதி வழக்கமாக ஜனவரி 31. நவம்பருக்குள் ஓஇடி முடிந்தால், ஒருமுறை தவறினாலும் இன்னொரு முறை எழுத இடமிருக்கும்.