தாப்பாவிலிருந்து கேமரன் மலைப் பாசிக்காட்டுக்குப் பறவை பார்க்கப் போக, வழிகாட்டி வைத்துக்கொண்டால் ஒரு நாள் போதுமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: தாப்பா பக்கத்துத் தோட்ட ஊரிலிருந்து தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் எட்டுப் பேர், பெரியவர்கள் நான்கு பேர், ஒரே வேன். காலை 5 மணிக்குக் கிளம்பி, கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா ஊரில் வழிகாட்டியை ஏற்றிக்கொண்டு, குனோங் பிரிஞ்சாங் மலையுச்சியில் மேகம் சூழ்ந்து மரமெல்லாம் பாசி படர்ந்திருக்கும் பாசிக்காட்டைப் பார்த்துவிட்டு மாலையே திரும்பிவிடலாமா?

திரும்பிவிடலாம். காட்டைப் பார்த்த மாதிரி இருக்கும், பறவை பார்த்த மாதிரி இருக்காது. நம் மலேசியாவில் பொழுது விடிவது ஏறக்குறைய 7 மணிக்கு. 6.45க்குக் கண் தெரிய ஆரம்பித்ததும் பறவைகள் இறங்கிவிடும். 9.30 வரை நல்ல நேரம். தாப்பாவிலிருந்து தானா ராத்தா 60 கிலோமீட்டர்தான் என்றாலும் வளைவுப் பாதை, வேனுக்கு ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும். பிறகு பிரிஞ்சாங் ஊரைத் தாண்டி, சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டப் பக்கமாக உச்சிக்கு ஏறும் சாலை மிகவும் ஒடுக்கம். நீங்கள் மேலே போய்ச் சேரும்போது மணி எட்டாகிவிடும். கொஞ்ச நேரத்தில் சுற்றுலாக்காரர்களின் லேண்ட்ரோவர்கள் வரிசை கட்டும். முற்பகல் முடிவதற்குள் மேகமும் மூடிவிட்டால் பத்தடி தள்ளியுள்ள கிளையில் என்ன உட்கார்ந்திருக்கிறது என்றே தெரியாது. அதனால் முதல் நாள் மாலையே போய்ப் பிரிஞ்சாங்கில் தங்குங்கள். இரண்டு காலைப்பொழுது கிடைத்தால் இன்னும் நல்லது. பள்ளி விடுமுறையிலும் வார இறுதியிலும் அந்த மலைச் சாலைகளில் வண்டி நகராது, வார நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜனவரி கடைசி, பிப்ரவரி மழை குறைந்த காலம். வடக்கிலிருந்து வலசை வரும் ஈப்பிடிப்பான்களும் அப்போது இருக்கும்.

பன்னிரண்டு பேருக்கு ஒரு வழிகாட்டி என்பது சரிவராது. ஒடுக்கமான பாதையில் அவர் காட்டுவது முதல் நான்கு பேருக்குத்தான் தெரியும். பின்னால் நிற்பவர்கள் ‘எங்கே, எங்கே’ என்று கேட்கும் சத்தத்திலேயே பறவை போய்விடும். இரண்டு வழிகாட்டிகள் வேண்டும், குழுவுக்கு ஆறு பேர். சுற்றுலா அமைச்சின் உரிமம் உள்ள இயற்கை வழிகாட்டிகள் பச்சை அட்டை வைத்திருப்பார்கள், அதைக் கேட்டுப் பாருங்கள். முன்பணம் கட்டுமுன் இன்னும் மூன்றைக் கேளுங்கள்: முக்காலியில் வைக்கும் ஸ்கோப் (ஒற்றைக்குழல் தொலைநோக்கி) கொண்டுவருவாரா, பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை அழைப்பாரா, மழை பிடித்துக்கொண்டால் மாற்று இடம் என்ன. ஸ்கோப் இருந்தால் எட்டுப் பிள்ளைகளும் வரிசையாக ஒரே பறவையைப் பார்க்கலாம், பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. குரலைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடுபவர் வேண்டாம். கூடு கட்டும் காலத்தில் தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து, குஞ்சுக்கு இரை தேடுவதை விட்டுவிட்டு அந்தப் பறவை அலைந்துகொண்டிருக்கும். மலை மயில்-ஃபெசண்ட்டைக் கட்டாயம் காட்டுகிறேன் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் அவரையும் விட்டுவிடுங்கள். தீபகற்ப மலேசியாவின் மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத, மிகவும் ஒளிந்து வாழும் பறவை அது. அதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

பாசிக்காட்டு மரப்பாதை சில நேரம் பராமரிப்புக்காக மூடப்படும். நுழைவு அனுமதி உட்பட எல்லாவற்றையும் போவதற்கு ஒரு வாரம் முன்பே வழிகாட்டியிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி பைனாகுலர். கடைக்காரர் 10x42-ஐக் காட்டுவார், நீங்கள் 8x42 வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ 8 ஆல் வகுத்தால் 5.25 மில்லிமீட்டர், 10 ஆல் வகுத்தால் 4.2. கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. மேகத்துக்குள், பாசி படர்ந்த கிளைகளின் இருட்டில், அந்த ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் நிறத்தையே மாற்றிக் காட்டும். 8x-இல் காட்சி அகலமாகவும் இருக்கும், கை நடுக்கமும் குறைவாகத் தெரியும். தண்ணீர் புகாத, உள்ளே நைட்ரஜன் அடைத்த வகையாகவே வாங்குங்கள். நால்வருக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் பிள்ளைகளுக்குச் சண்டை வரும், இருவருக்கு ஒன்றாவது வேண்டும். போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டு வாசலில் பழக்குங்கள். கம்பியில் உட்கார்ந்திருக்கும் மைனாவின் மேல் கண்ணை வைத்து, கண்ணை எடுக்காமல் பைனாகுலரை முகத்துக்குக் கொண்டுவர வேண்டும். முதலில் எல்லோரும் குனிந்து பைனாகுலரைப் பார்ப்பார்கள், நிமிர்வதற்குள் பறவை தொலைந்திருக்கும். ஐம்பது தடவை செய்தால் கை பழகிவிடும்.

மலையில் முதல் வேலை விளக்குக் கம்பம். இரவு முழுக்க எரிந்த விளக்கைச் சுற்றி அந்துப்பூச்சிகள் சுவரிலும் தூணிலும் ஒட்டிக்கிடக்கும். விடிந்ததும் பறவைகளுக்கு அதுதான் பசியாறும் இடம். நீண்ட வாலுள்ள சாம்பல் நிறச் சிபியா என்ற பறவை ஒரு பெரிய அந்துவைக் கவ்வி வந்து, கிளையில் இப்படியும் அப்படியும் அடித்து, இறக்கைகளை உதிர்த்துவிட்டு உடலை மட்டும் விழுங்கும். கம்பத்தடியில் பழுப்பு இறக்கைகள் சிதறிக்கிடந்தால் அங்கேயே நில்லுங்கள். செந்தலைச் சிரிப்பான்களும், காதோரம் வெள்ளி பூசிய மெசியாவும், கோடு போட்ட சிலந்திபிடிப்பானும் முறை வைத்து வரும்.

அதன் பிறகு காட்டோரம். இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். அரை மணி நேரம் ஒரு சத்தமும் இருக்காது, ஒன்றுமே இல்லை என்று நடையைக் கட்டிவிடுவார்கள். மலைக்காட்டில் சிறு பறவைகள் பல இனமாகக் கலந்து ஒரே கூட்டமாக இரை தேடிப் போகும். ஒன்று கிளப்பும் பூச்சியை இன்னொன்று பிடிக்கும், பருந்தைப் பார்க்கக் கண்கள் அதிகம். அந்தக் கூட்டம் ஓர் அலை போல வந்து இரண்டு மூன்று நிமிடத்தில் கடந்துவிடும். அதனால் நடக்காதீர்கள். நல்ல வளைவு ஒன்றில் இருபது நிமிடம் நின்றுகொண்டே இருங்கள். அலை வந்ததும் புத்தகத்தைத் திறக்கவே கூடாது. ஒவ்வொருவரும் ஒரே ஒரு பறவையைப் பிடித்துக்கொண்டு, அலகு, கண்ணைச் சுற்றி என்ன நிறம், வாலடியில் என்ன நிறம் என்று மட்டும் மனத்தில் வாங்குங்கள். பெயரைப் பிறகு வழிகாட்டி சொல்வார். இடத்தைச் சொல்ல விரல் நீட்டுவதைவிட மரத்தைக் கடிகாரமாக நினைத்து ‘பெரிய மரம், இரண்டு மணி, பாதி உயரம்’ என்று சொல்லப் பழக்குங்கள்.

காதையும் தயார்செய்யுங்கள். சில்வண்டு இரைவது போல ஆரம்பித்து வேகமெடுத்து ஏறும் சத்தம் கேட்டால் அது பெரும்பாலும் ஃபயர்-டஃப்டட் பார்பெட் என்ற குக்குறுவான். அலகடியில் நெருப்பு நிறத் தூரிகை போல மயிர்க்கற்றை இருக்கும். பாசிக்கு அடியிலிருந்து நீண்ட இடைவெளி விட்டு இறங்கிவரும் இரண்டு மூன்று விசில்கள், வாலே இல்லாத உருண்டையான பிக்மி கப்விங். விரலளவுதான் இருக்கும், குரல் மட்டும் பாதை முழுக்கக் கேட்கும். ஓடையோரம் இருட்டு விலகுமுன் கருநீலப் பூங்குருவி ஒன்று தெரிந்தால் அலகைப் பாருங்கள். மஞ்சள் அலகென்றால் பரவலாக உள்ள நீலப் பூங்குருவி. கறுத்த அலகும் புள்ளியில்லாத உடலுமாக, உருவமும் சிறியதாக இருந்தால் நம் தீபகற்ப மலைகளுக்கே உரிய மலாயாப் பூங்குருவி. உடனே வழிகாட்டியைக் கூப்பிடுங்கள்.

உடை: தாப்பாவின் வெக்கையை நினைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். 1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 பாகை வெப்பம் குறையும், உச்சி 2,000 மீட்டர். மங்கலான பச்சை, பழுப்பு நிறத்தில் கம்பளிச் சட்டை. சரசரக்கும் பிளாஸ்டிக் மழைக்கோட்டு வேண்டாம், குடை போதும். கூடுதல் காலுறை ஒரு ஜோடி. தாழ்ந்த பாதைகளில் அட்டை ஏறினால் பிய்த்து இழுக்காமல், நகத்தால் அதன் வாயடியில் நெம்பித் தள்ளுங்கள். மரப்பாதையை விட்டு இறங்கவே கூடாது. பாசிக்கு அடியில் இருப்பது ஊறிப்போன மக்கு மண். ஒரு கால்தடம் ஆறப் பல வருடம் ஆகும், குடுவைச்செடிகளும் மிதிபடும்.

மேலே பைனாகுலர் கண்ணாடியில் மூடுபனி பிடிப்பது உங்கள் மூச்சாலும் முகச் சூட்டாலும்தான். பைனாகுலரை முகத்திலிருந்து எடுத்துச் சற்று ஆறவிடுங்கள், சட்டை நுனியால் துடைத்தால் கீறல் விழும். உண்மையான ஆபத்து இறங்கும்போது. 15 பாகையில் குளிர்ந்த கண்ணாடியைத் தாப்பாவின் ஈரக் காற்றில் திறந்தால் ஐஸ் தண்ணீர்க் குவளை போல வேர்த்துவிடும். கேமராவாக இருந்தால் ஈரம் உள்ளேயும் இறங்கும். ஜிப் போட்ட பையிலேயே வைத்து, வீடு சேர்ந்து ஒரு மணி நேரம் கழித்துத் திறங்கள். அதற்குப் பிறகு பையில் விடாதீர்கள், பூஞ்சை பிடிக்கும். மின்விசிறிக் காற்றில் இரவு வைத்துவிட்டு, சிலிகா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் மூடிவையுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், அதன் மாவுத்தூள் திருகுகளில் இறங்கிவிடும்.