சிபிலிஸ் ரத்தப் பரிசோதனைக்கு மாட்டு இதயம் எதற்கு?

பால்வினை நோயான சிபிலிஸைக் கண்டறியும் விடிஆர்எல் (VDRL) ரத்தப் பரிசோதனையில் அந்நோயின் கிருமியைப் பயன்படுத்தாமல், மாட்டு இதயத்திலிருந்து எடுத்த பொருளை ஏன் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இச்சோதனையைப் பல ஆண்டுகள் செய்த ஆய்வகப் பணியாளன் என்ற முறையில் சொல்கிறேன்: இதன் தொடக்கமே ஒரு தவறான ஊகம்தான்.

1905இல் ஷாடின், ஹோப்மன் ஆகியோர் பெர்லினில் இந்நோயின் சுருள்வடிவக் கிருமியைக் கண்டறிந்தனர். மறு ஆண்டே வாசர்மன், நைசர், புரூக் ஆகிய மூவரும் ரத்தப் பரிசோதனை ஒன்றை உருவாக்கிவிட்டனர். ஆய்வகத்தில் கிருமியை வளர்க்க இயலாததால், பிறவிச் சிபிலிஸால் இறந்த சிசுவின் கல்லீரலில் அது நிறைந்திருக்கும் என்று கருதி, அதன் சாற்றையே ஆன்டிஜெனாக, அதாவது நோயாளியின் ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) வந்து பற்றும் பொருளாக, கொண்டனர். சோதனை பலித்தது, ஆனால் நோயற்ற உறுப்புகளின் ஆல்கஹால் சாறும் அதே அளவு பலிப்பதை லேண்ட்ஸ்டைனர் உள்ளிட்டோர் விரைவிலேயே காட்டினர். நோயாளியின் ரத்தத்தில் இருந்த எதிர்ப்பொருள் பற்றிக்கொண்டது கிருமியின் புரதத்தை அன்று, உயிரணுக்களின் இழைமணிகளில் (மைட்டோகாண்ட்ரியா) உள்ள ஒரு கொழுப்பை. 1941இல் மேரி பாங்போர்ன் அதனை மாட்டு இதயத்திலிருந்து தூய்மையாகப் பிரித்தெடுத்தார். இதயத்தில் கிடைத்ததால் கார்டியோலிபின் என்று பெயர் பெற்றது. அதனுடன் லெசித்தின் என்னும் மற்றொரு கொழுப்பையும் கொலஸ்ட்ராலையும் குறித்த விகிதத்தில் கலந்து, 1946இல் விடிஆர்எல் வந்தது.

கிருமிக்கே உரிய பொருளாக இல்லாததால் மலேரியா, தொழுநோய், லூபஸ் ஆகியவற்றிலும், சில வேளை கர்ப்பத்திலும் இச்சோதனை பொய்யாக நேர்மறை காட்டக்கூடும். எனவே கிருமியின் ஆன்டிஜெனைக் கொண்ட டிபிஎச்ஏ போன்ற சோதனையால் உறுதி செய்கிறோம். அப்படியானால் அதை மட்டும் செய்தால் போதாதா என்றால், போதாது. நோய் குணமான பிறகும் அது பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் நேர்மறையாகவே நிற்கும்; விடிஆர்எல் அளவோ சிகிச்சைக்குப் பின் இறங்கும். 1:32 (ரத்தத்தின் தெளிநீரான சீரத்தை 32 மடங்கு நீர்த்தாலும் நேர்மறை) என்பது 1:8 ஆகக் குறைந்தால் மருந்து வேலை செய்திருக்கிறது என்று மருத்துவர் கொள்வார். பிழையில் பிறந்த சோதனை இன்றும் நீடிப்பதற்கு, என் கணிப்பில், இதுவே முதன்மைக் காரணம்.

உங்கள் கேள்விக்குச் சற்று அப்பால் ஒன்று: எதிர்ப்பொருள் மிக அதிகமாக இருந்தாலும், நீர்க்காத சீரத்தில், நேர்மறையைக் காட்டும் திரள் உருவாகாமல் முடிவு எதிர்மறையாக வரலாம். ஆகவே, அறிகுறிகள் தெளிவாக இருந்தும் அறிக்கை எதிர்மறையாக வந்தால், சீரத்தை நீர்க்கச் செய்து மீண்டும் சோதிக்குமாறு ஆய்வகத்தைக் கேளுங்கள்.