எல்லா ஆப்ஷனும் சரியாகத்தான் தெரிகிறது, சார்!

போட்டித் தேர்வு இங்கிலீஷ் பற்றி வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டேன். முக்கால்வாசி, பிழை கண்டுபிடிப்பதும் வாக்கியத்தைத் திருத்துவதும்தான். நம் பக்கத்தில் ஆங்கில எழுத்து போடுவதில்லை என்பதால் உதாரண வாக்கியங்களும் தமிழ் எழுத்தில்தான் வரும். பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தபடி படியுங்கள்.

*கேள்வி: மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வுக்குத் தயாராகிறேன். இலக்கணப் புத்தகத்தை முழுசாக முடித்துவிட்டேன், விதிகள் எல்லாம் மனப்பாடம். ஆனாலும் மாக் டெஸ்டில் (மாதிரித் தேர்வில்) எரர் ஸ்பாட்டிங் (பிழை கண்டுபிடிக்கும் கேள்வி) வந்தால் எல்லாப் பகுதியும் சரியாகவே தெரிகிறது. எங்கே கோட்டை விடுகிறேன்? (ஒரு வாசகி, விருதுநகர்)*

பதில்: நீங்கள் வாக்கியத்தை அர்த்தம் புரிகிறதா என்று பார்த்துக்கொண்டே படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அர்த்தம் புரிந்துவிட்டால் மனசு உடனே 'சரி' சொல்லிவிடும். கேள்வி எடுப்பவருக்கும் அது தெரியும், அதனால்தான் நன்றாகப் புரிகிற மாதிரியே தப்பு வாக்கியம் கொடுக்கிறார்.

இதைப் பாருங்கள்: 'தி க்வாலிட்டி ஆஃப் தி மேங்கோஸ் சோல்ட் இன் தி ஷாப்ஸ் நியர் தி பஸ் ஸ்டாண்ட்ஸ் ஹேவ் இம்ப்ரூவ்ட்.' படித்தால் எங்கும் இடிக்காது. இப்போது அர்த்தத்தை விட்டுவிட்டு வினைச்சொல்லை மட்டும் தேடுங்கள். 'ஹேவ் இம்ப்ரூவ்ட்.' எது இம்ப்ரூவ் ஆனது? மாம்பழமா, கடையா, பஸ் ஸ்டாண்டா? மூன்றும் இல்லை, க்வாலிட்டி. அது ஒருமை, எனவே 'ஹேஸ்'. நடுவில் மேங்கோஸ், ஷாப்ஸ், ஸ்டாண்ட்ஸ் என்று மூன்று பன்மைகளைப் போட்டது வேண்டுமென்றே. கடைசியாகக் காதில் விழுந்த பன்மையோடு 'ஹேவ்' ஒட்டிக்கொள்ளும், நீங்களும் தாண்டிப் போய்விடுவீர்கள்.

இதில் நமக்கென்று ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது, பயிற்சி வகுப்புகளில் இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பேச்சுத் தமிழில் அஃறிணைக்கு ஒருமை பன்மை பார்ப்பதே இல்லை. 'பஸ்ஸெல்லாம் வருது', 'மாடுங்க மேயுது', 'புக்கெல்லாம் எங்க இருக்கு' என்றுதான் பேசுகிறோம், 'வருகின்றன' என்று வீட்டில் யார் சொல்கிறார்கள்? ஆனால் மனிதர்கள் என்றால் 'பசங்க வர்றாங்க' என்று சரியாக மாற்றிவிடுகிறோம். அதனால் இங்கிலீஷில் எழுவாய் ஆளாக இருந்தால் தப்பு உடனே உறுத்தும், பொருளாகவோ குணமாகவோ இருந்தால் உறுத்தவே உறுத்தாது. உங்கள் மாக் டெஸ்டில் தப்பாகப் போனவற்றை எடுத்துப் பாருங்கள், க்வாலிட்டி, காஸ்ட், லிஸ்ட், எஃபெக்ட் மாதிரி எழுவாய்கள்தான் அதிகம் இருக்கும். அந்த இடங்களில் காதை நம்பாதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் வினை. அப்புறம் அதன் எழுவாய். இரண்டுக்கும் நடுவில் உள்ளதைப் பென்சிலால் அடித்துவிடுங்கள், கம்ப்யூட்டர் தேர்வு என்றால் மனசில் அடியுங்கள். 'ஆஃப்' என்று தொடங்கும் வால், 'அலாங் வித்', 'ஆஸ் வெல் ஆஸ்', 'டுகெதர் வித்', 'இன் அடிஷன் டு' எல்லாம் அடிபட வேண்டியவை. 'தி மினிஸ்டர், அலாங் வித் ஹிஸ் செக்ரட்டரீஸ், வேர் ப்ரெசென்ட்' என்றால் மினிஸ்டர் மட்டும்தான் மிச்சம், எனவே 'வாஸ்'. 'நைதர்... நார்' வந்தால் மட்டும் வினைக்கு எது பக்கத்தில் இருக்கிறதோ அதைப் பாருங்கள். 'தி நம்பர் ஆஃப்' ஒருமை, 'எ நம்பர் ஆஃப்' பன்மை, இந்த ஒன்றை மனப்பாடம் செய்வதில் தப்பில்லை.

எழுவாய், வினை இரண்டும் ஒத்துப்போனால் அடுத்து காலம், அதற்கடுத்து பிரதிப்பெயர் யாரைக் குறிக்கிறது என்பது, கடைசியாக ப்ரெப்போசிஷன். தினமும் பத்துக் கேள்வியை இந்த வரிசையில் மெதுவாகப் போடுங்கள். ஒவ்வொன்றிலும் விடை எது என்பதோடு எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சண்டை போடுகிறது என்றும் எழுதுங்கள். அதை எழுத முடியாவிட்டால், விடை சரியாக வந்திருந்தாலும் அது குருட்டு அதிர்ஷ்டம்தான்.

*கேள்வி: 'நோ இம்ப்ரூவ்மென்ட்' (திருத்தம் தேவையில்லை) என்ற ஆப்ஷனைத் தேர்ந்தெடுக்கவே பயமாக இருக்கிறது. தப்பே இல்லாத வாக்கியத்தை எதற்குக் கேட்கப் போகிறார்கள்? நெகடிவ் மார்க் வேறு இருக்கிறதே. (ஒரு வாசகர், ஓசூர்)*

பதில்: உங்களை மாதிரி பயப்படுகிறவர்களுக்காகத்தான் கேட்கிறார்கள். மேலே சொன்ன சோதனைகளை வரிசையாகப் போட்டு எதுவும் சிக்கவில்லை என்றால் அதையே டிக் செய்யுங்கள். திரும்பத் திரும்பப் படித்தால் எந்த நல்ல வாக்கியத்திலும் ஒரு குறை தெரியத் தொடங்கிவிடும், அதனால் இரண்டு முறைக்கு மேல் படிக்காதீர்கள்.

நெகடிவ் மார்க் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். சி.ஜி.எல். முதல் கட்டத்தில் இங்கிலீஷ் 25 கேள்வி, 50 மதிப்பெண். சரி என்றால் 2, தப்பென்றால் 0.50 போகும், ஆப்ஷன் நான்கு. கண்ணை மூடிக்கொண்டு நான்கு கேள்விக்கு டிக் செய்து ஒன்று சரியானால் 2 வரும், மற்ற மூன்றில் 1.50 போகும், அரை மதிப்பெண் லாபம். ஒரு ஆப்ஷனையாவது கழித்துவிட்டு யூகித்தால் லாபம் இன்னும் கூடும். ஆக இங்கே காலியாக விடுவதுதான் நஷ்டம். வங்கித் தேர்வு வேறு மாதிரி. ஐந்து ஆப்ஷன், சரிக்கு 1, தப்புக்கு 0.25. ஐந்தில் ஒன்று சரியாகி நான்கு தப்பானால் கூட்டிக் கழித்துப் பூஜ்யம். அங்கே ஒன்றிரண்டைக் கழிக்க முடிந்தால் மட்டும் யூகியுங்கள். வங்கி வேலைக்கான ஐ.பி.பி.எஸ். ப்ரிலிம்ஸில் (முதல் கட்டத் தேர்வில்) இங்கிலீஷ் 30 கேள்விக்கு 20 நிமிடம்தான், முழிக்க வைக்கும் கேள்வியோடு மல்லுக்கு நிற்காமல் நகர்ந்துவிடுங்கள்.

*கேள்வி: என் மகள் வெளிநாட்டில் படிக்க எஸ்.ஏ.டி. எழுதப் போகிறாள். கணக்கில் கெட்டி. இங்கிலீஷில் இலக்கணக் கேள்விகளில் மதிப்பெண் போகிறது. நான் படித்த காலத்து இலக்கணப் புத்தகத்தைக் கொடுத்தேன், 'இதில் இருக்கிறது ஒன்றும் வருவதில்லை அப்பா' என்கிறாள். உண்மையா? (ஒரு தந்தை, கோவை)*

பதில்: பாதி உண்மை. ஆக்டிவ் பாஸிவ் மாற்றுவது, டைரக்ட் இன்டைரக்ட் மாற்றுவது எல்லாம் அங்கே கிடையாது. எஸ்.ஏ.டி. இப்போது லேப்டாப்பிலோ டேப்லெட்டிலோதான். வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பிரிவில் 54 கேள்விகள், 27 வீதம் இரண்டு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 32 நிமிடம். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு குட்டிப் பத்தி. அதில் ஒரு கோடிட்ட இடம் இருக்கும், நான்கில் எது பொருந்தும் என்பதுதான் இலக்கணக் கேள்வி. தப்பு விடைக்குக் கழிப்பது கிடையாது, எனவே எதையும் காலியாக விடக் கூடாது என்று மகளிடம் சொல்லிவிடுங்கள்.

நம் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது நிறுத்தக்குறியில். 'தி ட்ரெயின் வாஸ் லேட், வீ மிஸ்ட் தி எக்ஸாம்' என்று நடுவில் காற்புள்ளி மட்டும் போட்டால் தப்பு. இரண்டு பக்கமும் தனித்தனியாக நிற்கக்கூடிய முழு வாக்கியம். நடுவில் முற்றுப்புள்ளி வேண்டும், அல்லது அரைப்புள்ளி, இல்லையென்றால் காற்புள்ளியோடு 'ஸோ' மாதிரி ஒரு இணைப்புச் சொல். 'ஹவெவர்' போட்டு இரண்டு பக்கமும் காற்புள்ளி வைத்தால் போதும் என்று நினைப்பார்கள், இரண்டு முழு வாக்கியத்துக்கு நடுவில் அது போதாது. இதில் ஒரு குறுக்கு வழியும் உண்டு. ஆப்ஷன்களில் ஒன்றில் முற்றுப்புள்ளி, இன்னொன்றில் அரைப்புள்ளி, மற்றபடி ஒரு எழுத்துகூட மாறவில்லை என்றால், இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. சரியான விடை ஒன்றுதான் இருக்க முடியும், ஆகவே இரண்டுமே விடை இல்லை.

இன்னொன்று, வாக்கியத்தின் தொடக்கத்தில் தொங்கும் சொற்றொடர். 'வாக்கிங் டு ஸ்கூல், தி ரெயின் ட்ரெஞ்ச்ட் மீனா.' இங்கிலீஷ் கணக்கில் இது, மழை பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனது என்று ஆகிவிடும், காற்புள்ளிக்கு அடுத்து வருகிறவர்தான் நடந்தவராக இருக்க வேண்டும். 'வாக்கிங் டு ஸ்கூல், மீனா வாஸ் ட்ரெஞ்ச்ட் பை தி ரெயின்' என்றால் சரி. நமக்கு இது ஏன் பிடிபடுவதில்லை என்றால், 'ஸ்கூலுக்கு நடந்து போகும்போது மழை பிடித்துக்கொண்டது' என்பது அருமையான தமிழ். நடந்தது ஒருவர், பிடித்தது மழை, யாருக்கும் குழப்பமில்லை. அந்தச் சுதந்திரம் அங்கே இல்லை. தொடக்கத்தில் 'இங்', 'எட்' என்று முடிகிற சொற்றொடரைப் பார்த்தவுடன் 'இதைச் செய்தது யார்?' என்று கேட்டு, காற்புள்ளியைத் தாண்டியதும் அந்த ஆள் நிற்கிறாரா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல நேரம் நான்கில் மூன்று ஆப்ஷன் இந்த ஒரு கேள்வியிலேயே விழுந்துவிடும்.

பழைய புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம், பிரதிப்பெயர், காலம் பற்றிய அத்தியாயங்கள் உதவும்.

*கேள்வி: சீனியர் ஒருவர், எம்.பி.ஏ. சேர்க்கைத் தேர்வான ஜிமேட்டுக்கு சென்டென்ஸ் கரெக்‌ஷன் புத்தகம் கொடுத்தார். அதிலிருந்து தொடங்கட்டுமா? (ஒரு வாசகர், சென்னை)*

பதில்: வேண்டாம். 2023 கடைசியில் வந்த புதிய ஜிமேட்டில் சென்டென்ஸ் கரெக்‌ஷனை எடுத்துவிட்டார்கள், பழைய வடிவம் 2024 தொடக்கத்தோடு முடிந்தது. இப்போது வெர்பல் என்றால் 23 கேள்வி, 45 நிமிடம், பத்தி வாசித்துப் பதில் சொல்வதும் வாதத்தை அலசுவதும் மட்டும். வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ.யிலும் இந்த வகைக் கேள்வி இல்லை. சீனியர் நல்ல மனசோடுதான் கொடுத்திருப்பார், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், படிக்க நேரம் செலவழிக்காதீர்கள்.

*கேள்வி: பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த நண்பர்கள் 'விதியெல்லாம் எதற்கு, படித்தாலே தெரியுமே' என்கிறார்கள். எனக்கு அப்படித் தெரிவதில்லை. கடைசி வரை பின்தங்கித்தான் இருப்பேனா? (ஒரு வாசகர், திருவண்ணாமலை)*

பதில்: உங்கள் நண்பர்களிடம் 'வீ டிஸ்கஸ்ட் அபௌட் தி மேட்டர்' சரியா என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் சரி என்பார்கள், ஏனென்றால் தினமும் காதில் விழுவது அதுதான். 'டிஸ்கஸ்' பக்கத்தில் 'அபௌட்' வராது. 'ஃபர்னிச்சர்ஸ்', 'ரிட்டர்ன் பேக்', 'கோப் அப் வித்', 'சீனியர் தேன் மீ', 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்' எல்லாம் அப்படியே. நாம் பேசும் இங்கிலீஷில் ஓடுகிறது, தேர்வில் ஓடாது. எஸ்.எஸ்.சி., வங்கித் தேர்வுகளில் இவற்றையே திருப்பித் திருப்பிக் கேட்கிறார்கள். இந்த விஷயத்தில் காது பழகாதவர் பாடு தேவலை.

அதற்காக உங்களுக்கு எல்லாம் சுலபம் என்று சொல்ல மாட்டேன். தமிழ் மீடியத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஆர்ட்டிக்கிள் ('எ', 'அன்', 'தி') ரொம்பப் படுத்தும், தமிழில் அப்படி ஒன்று இல்லாததால் எங்கே விட்டுப்போனது என்றே கண்ணில் படாது. 'தி' எங்கே வரும் என்பதற்கு நிறையப் படிப்பதைத் தவிர வழி தெரியவில்லை. 'எ'யா 'அன்'னா என்பதற்கு மட்டும் நம் எழுத்தே உதவும். அடுத்து வரும் சொல்லை உச்சரிப்பு மாறாமல் தமிழில் எழுதுங்கள். உயிரெழுத்தில் தொடங்கினால் 'அன்', மற்றபடி 'எ'. எம்.எல்.ஏ. என்பது 'எ'வில் தொடங்குகிறது, எனவே 'அன் எம்.எல்.ஏ.' யூனிவர்சிட்டி, யூரோப்பியன் இரண்டும் 'யூ', எனவே 'எ'. மணி நேரத்தைக் குறிக்கும் 'அவர்' உயிரெழுத்து, 'அன்'. 'ஹானஸ்ட்' என்று எழுதுகிற பழக்கத்தை மட்டும் விடுங்கள், உச்சரிப்பு 'ஆனஸ்ட்', அதற்கும் 'அன்'தான். 'ஒன்' என்று நாம் எழுதுவதன் உச்சரிப்பு 'வன்', அதனால் 'எ ஒன் ருப்பீ காயின்'.

*கேள்வி: 'ஷீ இஸ் ஒன் ஆஃப் தி ஆஃபிசர்ஸ் ஹூ ஹேவ் வொர்க்ட் இன் டெல்லி' என்று விடை எழுதினேன். கோச்சிங் சென்டர் கீயில் (விடைப் பட்டியலில்) 'ஹேஸ்' என்று இருக்கிறது. கேட்டால் 'ஒன் வந்தால் ஒருமைதான்' என்கிறார் சார். யார் சரி? (ஒரு வாசகி, தஞ்சாவூர்)*

பதில்: நீங்கள். 'ஹூ' இங்கே குறிப்பது ஆஃபிசர்ஸை. டெல்லியில் வேலை பார்த்த ஆஃபிசர்கள் சிலர், அதில் இவர் ஒருவர். எனவே 'ஹேவ்'. 'ஒன்'னுக்கு முன்னால் 'தி ஒன்லி' வந்தால் மட்டும் ஆட்டம் மாறும். 'தி ஒன்லி ஒன் ஆஃப் தி ஆஃபிசர்ஸ் ஹூ' என்றால் அப்படி வேலை பார்த்தவர் இவர் ஒருவர்தான், அங்கே 'ஹேஸ்'. சாரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், ஆனால் நோட்டில் மாற்றி எழுதாதீர்கள். மாக் டெஸ்ட் கீயில் தப்பு வருவது சகஜம். நிஜத் தேர்விலேயே கீயில் சந்தேகம் வந்தால், எஸ்.எஸ்.சி. முதலில் தற்காலிகக் கீதான் வெளியிடும், அதை எதிர்த்து ஒவ்வொரு கேள்விக்கும் கட்டணம் கட்டி ஆன்லைனில் ஆட்சேபம் பதிவு செய்யலாம். அதற்குச் சில நாள்தான் அவகாசம், கடைசி நாள் வரை தள்ளிப் போடாமல் உங்கள் விடைத்தாளையும் கீயையும் அப்போதே டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.