சுவரைப் பார்க்காதவர்களின் ஓட்டு: ஜெர்மனி பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: அண்ணா, பெர்லின் சுவர் 1989-லேயே விழுந்துவிட்டது. அப்புறம் பிறந்த பிள்ளைகளுக்கு ஓட்டுப் போடுவதில் கிழக்கு என்ன, மேற்கு என்ன?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2024 செப்டம்பரில் கிழக்கில் உள்ள துரிங்கியா மாநிலத் தேர்தலில் தீவிர வலதுசாரிக் கட்சியான ஏ.எஃப்.டி. 32.8 சதவீதம் வாங்கி முதலிடம் பிடித்தது. வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கணிப்பில், 25 வயதுக்குக் கீழானவர்களிடம் அந்தக் கட்சிக்குச் சுமார் 38 சதவீதம். சுவரைப் பார்க்காத பிள்ளைகள்தான். ஆனால் அது விழுந்த பிறகு நடந்ததை வீட்டில் கேட்டே வளர்ந்தவர்கள். கம்யூனிஸ்ட் நாடாக இருந்த கிழக்கின் அரசு ஆலைகளை டிராய்ஹண்ட் என்ற அமைப்பு 1994-க்குள் விற்றும் மூடியும் கணக்கை முடித்தது. லட்சக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். போக முடிந்த இளைஞர்கள் மேற்கே போனார்கள், அதிலும் பெண்கள் அதிகம். ஆள் குறைந்த ஊரில் பள்ளியும் பஸ்ஸும் குறையாமல் இருக்குமா? அந்த ஊரில் தங்கியவர்களின் பிள்ளைகள்தான் இன்று முதல் ஓட்டுப் போடுகிறார்கள்.

கேள்வி: அப்படியானால் ஜெர்மன் இளைஞர்கள் மொத்தமாக வலது பக்கம் போய்விட்டார்களா?

இல்லை. 2025 பிப்ரவரி நாடாளுமன்றத் தேர்தலில் 18 முதல் 24 வயதினரிடம் முதலில் வந்தது இடதுசாரிக் கட்சியான லிங்கே, சுமார் 25 சதவீதம். ஏ.எஃப்.டி. சுமார் 21. நாடு முழுக்க லிங்கே வாங்கியது வெறும் 8.8! இந்த வயதில் பெண்கள் லிங்கே பக்கம், ஆண்கள் ஏ.எஃப்.டி. பக்கம். கிழக்கு-மேற்கு வித்தியாசத்தைவிட எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்.

கேள்வி: எல்லாம் டிக்டாக் வேலை என்கிறார்களே சார்?

பாதி. மற்ற கட்சிகள் விழிப்பதற்குள் ஏ.எஃப்.டி. அங்கே கடை போட்டுவிட்டது உண்மை. லிங்கேயின் முன்னணித் தலைவர் ஹைடி ரைஷினெக் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் பேசிய பேச்சும் அங்கேதான் பரவியது. ஆனால் லிங்கே வீடு வீடாகக் கதவைத் தட்டி வாடகையைப் பற்றியும் பேசியது. நகரத்தில் அறை தேடி அலையும் மாணவிக்கு அது புரிகிற பேச்சு.

கேள்வி: இந்த ஆதரவு நிலைக்குமா?

நான் பந்தயம் கட்டமாட்டேன். 2021-ல் முதல் ஓட்டுப் போட்டவர்களிடம் முன்னணியில் இருந்தவை பசுமைக் கட்சியும், தாராளவாதக் கட்சியான எஃப்.டி.பி.யும். 2025-ல் எஃப்.டி.பி. 4.3 சதவீதத்தோடு நாடாளுமன்றத்துக்கே வரவில்லை. கிழக்கிலோ 1990-க்கு முன் நாற்பது வருடம் நிஜமான போட்டித் தேர்தலே கிடையாது. 'தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீடு இந்தக் கட்சிதான்' என்ற பேச்சு அங்கே எங்கிருந்து வரும்?