பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை: பழுது எஸ்.எம்.பி.எஸ்ஸிலா, மதர்போர்டிலா?

கேள்வி: பவர் பட்டனை அழுத்தினால் எந்த அசைவும் இல்லை. மதர்போர்டு போய்விட்டது என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: அளந்து பார்த்துவிட்டுச் சொன்னாரா? இல்லையென்றால் நம்ப வேண்டாம். மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைக் கேபினட்டின் வெற்று உலோகத்தில் தொடுங்கள். சுவரில் சுவிட்ச் போட்டிருந்தாலே, எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து (சுவர் மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) மதர்போர்டுக்கு வரும் 24 பின் இணைப்பியின் ஊதா வயரில் 5 வோல்ட் இருக்க வேண்டும். குறைந்தால் இணைப்பியைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டு மறுபடி அளங்கள். அப்போதும் வரவில்லையா, எஸ்.எம்.பி.எஸ். பழுது. கழற்றியதும் 5 வோல்ட் திரும்பினால், பெரும்பாலும் போர்டில் எங்கோ ஷார்ட். ஊதா வயர் சரியாக இருந்தால் கேபினட்டின் பவர் பட்டனையும் ஒருமுறை சந்தேகியுங்கள். போர்டில் அதன் வயர் செருகும் இரு பின்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டால் தெரிந்துவிடும். சில ரூபாய் பட்டனுக்காகப் போர்டையே மாற்றியவர்கள் உண்டு.

கேள்வி: எஸ்.எம்.பி.எஸ்ஸைத் தனியாகக் கழற்றி, பச்சை வயரையும் கறுப்பு வயரையும் கம்பியால் இணைத்தேன். ஃபேன் சுற்றுகிறது. அப்படியானால் அது நன்றாக இருக்கிறதுதானே?

பதில்: பாரம் இல்லாமல் ஓடுகிறது, அவ்வளவுதான். வெறும் வண்டி மேட்டில் ஏறியதை வைத்து மூட்டையோடும் ஏறும் என்று சொல்ல முடியுமா? போர்டில் மாட்டி, ஓடும்போதே இணைப்பியின் பின்புறத்திலிருந்து அளங்கள். மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் 3.14 முதல் 3.46 வரை இருக்கலாம். முனை வழுக்கி இரு பின்களைச் சேர்த்துத் தொட்டுவிடக் கூடாது.

பலரும் விட்டுவிடுவது சாம்பல் நிற வயர். மின்னழுத்தங்கள் நிலைபெற்றன என்று எஸ்.எம்.பி.எஸ். போர்டுக்குச் சொல்வது அதன் வழியாகத்தான். ஆன் செய்த அரை நொடிக்குள் அதில் 5 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் ஃபேன் சுற்றும், டிஸ்ப்ளே வராது; பழி ரேம் மீது விழும்.

கேள்வி: காலையில் பலமுறை அழுத்தினால்தான் ஆன் ஆகிறது. சூடேறிய பிறகு மாலை வரை தொல்லையில்லை.

பதில்: வறண்டுபோன கெபாசிட்டரின் (மின்னைத் தேக்கிவைக்கும் சிறு உருளை) குணம் இது. குளிர்ந்திருக்கும்போது அதன் உள் மின்தடை கூடும், சூடேறினால் குறையும். பிராசஸரைச் சுற்றியுள்ள இந்த உருளைகளின் தலையைப் பக்கவாட்டில் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தாலோ, பழுப்புப் பொருக்கு கசிந்திருந்தாலோ அதுதான் இடம். 2000-களின் முற்பகுதியில் வந்த போர்டுகளில் இது கொள்ளைநோய் போலப் பரவியது. அதே மைக்ரோஃபாரட் (கொள்ளளவு), அதே வோல்ட் அல்லது சற்றுக் கூடுதல், 105 டிகிரி சூடு தாங்கும் திறன், குறைந்த உள் மின்தடை உடையதாக வாங்கி மாற்றுங்கள். பட்டை உள்ள பக்கம் நெகட்டிவ்.

போர்டில் எல்லாம் சரி என்றால் எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள் அதே நோய் இருக்கலாம். ஆனால் அனுபவமில்லாமல் அதைத் திறக்காதீர்கள். உள்ளே பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் இருக்கும்.

கேள்வி: ஃபேன் அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறது.

பதில்: எங்கோ ஷார்ட். பிராசஸர் அருகிலுள்ள 4 பின் இணைப்பியைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். இப்போது நிற்காமல் சுற்றினால் பிராசஸருக்கு மின்சாரம் தரும் மாஸ்ஃபெட் (சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) ஒன்று போயிருக்க வாய்ப்பு அதிகம். அப்போதும் நின்றால் போர்டை வெளியே எடுத்து அட்டைப்பெட்டி மீது வைத்து, பிராசஸர், ஒரு ரேம் மட்டும் மாட்டி ஓட்டிப் பாருங்கள். ஓடினால் கேபினட்டில் உதிர்ந்து கிடக்கும் திருகைத் தேடுங்கள்.

கேள்வி: தேதி, நேரம் தினமும் மாறிவிடுகிறது.

பதில்: போர்டில் உள்ள சி.ஆர்.2032 பட்டன் செல்லை மாற்றுங்கள்.

கேள்வி: இரண்டுமே சந்தேகம். எதை முதலில் வாங்குவது?

பதில்: முதலில் நண்பரிடம் ஓடும் எஸ்.எம்.பி.எஸ்ஸை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். வாங்கியே ஆக வேண்டுமென்றால் எஸ்.எம்.பி.எஸ்ஸையே வாங்குங்கள், கணிப்பு தவறினாலும் அடுத்த கம்ப்யூட்டருக்கு உதவும். டி.டி.ஆர்.2 என்ற பழைய ரேம் வகை இருந்த காலத்துப் போர்டு வேறெதற்கும் உதவாது.