சொகுரோவின் நோயாளிகள்

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் சொல்லி ரஷ்ய இயக்குநர் அலெக்சாண்டர் சொகுரோவின் ‘ரஷ்யன் ஆர்க்’ பார்த்தேன். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட். அசந்துபோனேன். ஆனால் மறுநாள் மனதில் ஒன்றும் தங்கவில்லை, வித்தை பார்த்த உணர்வுதான். பழைய ரஷ்ய மேதை இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் வாரிசு என்கிறார்களே, இவரிடம் அப்படி என்ன இருக்கிறது?

செ.

அன்புள்ள செ.,

வித்தைதான், அதை மறுக்க மாட்டேன். 2001 டிசம்பர் 23 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் எடுத்தது. மூன்று முறை நடுவில் நின்றுபோய், நான்காவது முறை முழுப் படமும் கிடைத்தது. இந்தக் கதை படத்தைவிடப் பிரபலமாகிவிட்டது. அதனாலேயே பலரும் சொகுரோவுக்குள் தப்பான வாசல் வழியாக நுழைகிறார்கள்.

வாரிசு விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மாஸ்கோ திரைப்படக் கல்லூரியில் படித்தபோது, ரஷ்ய எழுத்தாளர் பிளாத்தோனவின் எழுத்தைத் தழுவி அவர் எடுத்த முதல் படத்தைக் கல்லூரி ஏற்கவில்லை. 1987 வரை அது வெளிவரவும் இல்லை. அப்போது துணை நின்றவர் தார்க்கோவ்ஸ்கி. லென்ஃபில்ம் ஸ்டுடியோவில் வேலை கிடைத்ததும் அவர் பரிந்துரையால்தான். ஆனால் தார்க்கோவ்ஸ்கியின் மனிதர்கள் எதையோ தேடிப் போகிறவர்கள். சொகுரோவின் மனிதர்கள் படுத்துக்கிடப்பவர்கள், இல்லையென்றால் படுத்துக்கிடப்பவரைக் கவனித்துக்கொள்பவர்கள்.

1997-ல் வந்த ‘மதர் அண்ட் சன்’ படத்திலிருந்து தொடங்குங்கள். சாகப்போகும் அம்மாவை மகன் தூக்கிக்கொண்டு நடக்கிறான், தலை வாருகிறான். கதை என்று பார்த்தால் ஏறக்குறைய அவ்வளவுதான். கண்ணாடிகளையும் சிறப்பு லென்ஸ்களையும் வைத்துக் காட்சிகளைச் சாய்த்தும் இழுத்தும் எடுத்திருக்கிறார். வயலும் உடம்பும் ஒரே பழைய ஓவியத்தில் கிடப்பதுபோல் இருக்கும்.

அப்புறம் ‘டாரஸ்’ (2001). என்னைக் கேட்டால் அவருடைய உச்சம் இதுதான். பக்கவாதத்தில் விழுந்து, மாஸ்கோவுக்கு அருகே கோர்க்கி என்ற ஊரின் மாளிகையில் கிடக்கும் லெனின். தொலைபேசி வேலை செய்யவில்லை. கடிதமும் வருவதில்லை. பதினேழை இருபத்திரண்டால் பெருக்கச் சொல்கிறார் மருத்துவர். ஒரு பேரரசைக் கவிழ்த்தவரால் அந்தக் கணக்கைப் போட முடியவில்லை. பார்க்க வரும் ஸ்டாலின் நன்றாக நடக்கிறார், நன்றாகப் பேசுகிறார். பயம் அங்கே இருக்கிறது. ஒளிப்பதிவும் சொகுரோவேதான். படம் முழுக்கப் பச்சை படர்ந்த ஒரு மங்கல்.

அதிகாரத்தைப் பற்றிய இதே வரிசையில் ஹிட்லரைப் பற்றிய ‘மோலோக்’, ஜப்பான் பேரரசர் ஹிரோஹிட்டோவைப் பற்றிய ‘தி சன்’, கடைசியாக 2011-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கிய ‘ஃபாஸ்ட்’. லியோனித் மொஸ்கோவோய் என்ற ஒரே நடிகர்தான் ஹிட்லராகவும் லெனினாகவும் நடித்தவர். ‘மோலோக்’ எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஹிட்லரின் நோய்ப் பயம் பல இடங்களில் கேலிச்சித்திரமாகிவிடுகிறது. ‘தி சன்’ அப்படி இல்லை. சட்டைப் பொத்தானைக்கூட வேலைக்காரர் போட்டுவிட வேண்டிய பேரரசர், தோற்ற பிறகு கதவைத் தானே திறக்கப் பழக வேண்டியிருக்கிறது. இவர்களை இப்படிக் காட்டினால் குற்றத்தை மறந்து இரக்கப்பட வைக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். எனக்கு வந்தது இரக்கமல்ல, எரிச்சல்: இந்த உடம்புக்கா இத்தனை பேர் பலி?

கவனித்துக்கொள்வது என்பதைச் சொகுரோவ் படங்களுக்கு வெளியிலும் விடவில்லை. தெற்கு ரஷ்யாவின் நால்சிக் நகரில் சினிமா வகுப்பு நடத்தினார். அங்கே படித்த கான்தெமிர் பலாகவின் ‘பீன்போல்’ படம் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய லெனின்கிராட் மருத்துவமனையில் நடக்கிறது. குரு யார் என்று சொல்லவே வேண்டாம். 2016-ல் புதினுக்கு நேராகவே, சிறையிலிருந்த உக்ரைன் இயக்குநர் ஒலெக் சென்சோவை விடுவிக்கும்படி கேட்டார் சொகுரோவ். கேட்டது கிடைக்கவில்லை. 2022-ல் எடுத்த ‘ஃபேரிடேல்’ படத்துக்கு ரஷ்யத் திரையரங்குகளில் அனுமதியும் கிடைக்கவில்லை.

‘ஸ்பிரிச்சுவல் வாய்சஸ்’ மட்டும் இப்போதைக்கு வேண்டாம். தாஜிக்-ஆப்கன் எல்லையில் காவல் நிற்கும் ரஷ்யச் சிப்பாய்களைப் பற்றி ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம் அது. தொடக்கத்தில் நெடுநேரம் ஒரு பனி நிலம் மட்டும்தான், பின்னணியில் மொசார்ட். ‘டாரஸ்’ பிடித்திருந்தால் எழுதுங்கள், ‘ஸ்பிரிச்சுவல் வாய்சஸ்’ பற்றி அப்புறம் பேசலாம்.